ஒரே பிழை, ஆறு இடங்களில்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். நாற்பத்தொரு வருடம் லிஃப்ட்டில் பொத்தான் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கை வேறு எப்படி எழுதும்? 'ஞ' எழுதும்போது பேனா எங்கே போகிறது என்று எனக்கும் தெரியவில்லை, பேனாவுக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. இரண்டு வருடமாக முதியோர் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் டீச்சர் ஓய்வு பெற்ற நர்ஸ். எழுத்து தப்பினால், ஊசி போடுவதற்கு முன்னால் பார்ப்பார்களே, அந்த மாதிரி பார்ப்பார். எழுபத்துநாலு வயதில் பயந்து பயந்து கற்றுக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் போட்டாய். இருபத்துநாலு வருடம் ஆகிறது. அண்ணன் படித்துவிட்டும் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்திருப்பாய். நான் அதைப் படிக்கவே இல்லை. திட்டித்தான் எழுதியிருப்பாய் என்று பயம். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொன்னால் நம் சண்டை பதினொரு மாடிக்கும் தெரிந்துவிடும். உன் அண்ணிக்கும் எழுத்து தெரியாது. உறையைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் மேலே போனேன், கீழே வந்தேன். நாலாவது வாரம் உன் அண்ணி சட்டையை ஊறவைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் மாவு உருண்டை. "பையைப் பாக்காம ஊறவெச்சது என் தப்பா, பையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சது உங்க தப்பா?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணவு வருகிறது. லிஃப்ட் நிற்கும். கதவு திறக்கும். வெளியே நீ உறையை நீட்டிக்கொண்டு நிற்பாய். வாங்கிப் பிரிக்கப் போவேன், உறை மேலேயே எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும். விழித்துவிடுவேன். கணவில் கூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை பார்.

போன மாதம் வகுப்பில் பழைய பத்திரிகைத் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த தாளில் பெரிய எழுத்தில் "தெரிந்தே கணவு காண்பது எப்படி?" என்று போட்டிருந்தது. கணவு காணும்போதே 'இது கணவு' என்று ஒருவன் தெரிந்துகொள்ள முடியுமாம். தெரிந்துகொண்டால் அதற்குள் நிதானமாக நடக்கலாம், வேண்டியதைச் செய்யலாம். பழகினால் யாருக்கும் வருமாம். கடைசியில் "ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் ஒரே தவறு" என்று தொடங்கி, அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. என் அதிர்ஷ்டம் அப்படி.

தம்பி, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய்? நீயே சொல்லிவிட்டால் நான் கணவில் போய்ப் பாடுபட வேண்டியதில்லை.

போன் பண்ணலாமே என்கிறாள் உன் அண்ணி. குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். தாளை அப்படி வைக்க மாட்டாய். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் கையில் ஒரு பக்கம் கிடைத்தால் கடைசி வரி வரை பார்க்காமல் விடுவானா?

உன் அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

கடிதம் அச்சகத்துக்கு வந்தது. திருத்தி, இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பிழை ஒன்றுதான். அதையே ஆறு இடங்களில் செய்திருக்கிறீர்கள். 'கனவு' என்பதற்கு இரண்டு சுழி. நீங்கள் மூன்று சுழி போட்டிருப்பதால் யாரோ ஒரு கணவன் பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. பத்திரிகையின் தலைப்பை அச்சில் பார்த்து எழுதியும் மூன்று சுழி.

உங்கள் கேள்விக்குப் பதில்: சொல்ல முடியாது. ஒரு கடிதம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் போட்டேன். நீங்கள் அதைச் செய்யவில்லை. மூன்று மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு எழுதியது அன்றைக்கு உரியது. ஊறிப் போனது போனதாகவே இருக்கட்டும்.


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் சிவப்பு மை வந்து சேர்ந்தது! உறையைப் பிரித்ததும் உன் அண்ணி பதறிப்போனாள்.

"என்னங்க இது, ரத்தமா?"

"இல்லடி, தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கனவு, கனவு, கனவு. நூறு தடவை எழுதிவிட்டேன். இரண்டு சுழி. இனிமேல் தப்பாது.

நீ சொல்ல மாட்டாய், சரி. நானே வாசித்துக்கொள்கிறேன். நிஜத்தில்தான் அந்தக் கடிதம் தொலைந்தது, கனவில் பத்திரமாக இருக்கிறது. அதுவும் நீயே கையால் நீட்டுகிறாய். நான் வாசித்தால் நீ எப்படிக் குறை சொல்ல முடியும்? இத்தனை வருடம் படிக்கத் தெரியாது, ஓடவிட்டேன். இப்போது தெரியும். தெரிந்தே கனவு காணப் பழகிவிட்டால் எறும்புகளை நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக வாசிப்பேன்.

சின்ன வயதில் எனக்கு வரும் கடிதத்தையெல்லாம் நீதானே வாசித்துக் காட்டுவாய்? அப்பா போனபோது உனக்கு எட்டு வயது. சித்தி மாதம் ஒரு கடிதம் போடுவாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கணீரென்று வாசிப்பாய். "தம்பி நன்றாகப் படிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்கு உடனே ஒரு சைக்கிள் வாங்கித் தரவும்." சித்தி அப்படி எழுதியிருக்க மாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரியும். சைக்கிள் பழைய சைக்கிள்தான், ஆனாலும் வாங்கிக் கொடுத்தேனா இல்லையா?

சரி, என் பயிற்சியைக் கேள். விழித்தவுடன் கனவை எழுதிவைக்க வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. நோட்டு தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் 'நேற்று' என்று எழுதி முடிப்பதற்குள் கனவு போய்விடுகிறது. என் நோட்டில் பதினெட்டுப் பக்கம் ஆகிவிட்டது, எல்லாப் பக்கத்திலும் 'நேற்று' மட்டும்தான்.

இரண்டாவது பயிற்சி, ஒரு எழுத்தைப் பார்க்க வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். விழித்திருந்தால் எழுத்து அப்படியே இருக்கும். கனவாக இருந்தால் மாறியிருக்கும். பகலில் பத்துத் தடவை இப்படிப் பார்த்துப் பழகினால், கனவிலும் அதே பழக்கத்தில் பார்ப்போமாம்.

செவ்வாய்க்கிழமை மருந்துக் கடைக்குப் போனேன். எதிரே ஒரு பலகை. 'பால் மருத்துவர்' என்று இருந்தது. பாலுக்கு எதற்கு மருத்துவர் என்று யோசித்துக்கொண்டே தலையைத் திருப்பினேன். மறுபடி பார்த்தேன். 'பல் மருத்துவர்'! மாறிவிட்டது! அப்படியானால் இது கனவு!

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? கனவில் வேண்டியதைச் செய்யலாம் அல்லவா? வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பழைய மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எட்டாவது மாடிக்காரர். இருபத்தொன்பது வருடம் தினமும் ஏறுவார், என் முகத்தைப் பார்க்காமல் "எட்டு" என்பார். அந்த ஒரு சொல்தான். போய்த் தோளில் கையைப் போட்டேன். "என்ன எட்டு, ஒரு நாளாவது ஒரு வணக்கம் சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?" என்று கேட்டேன். கேட்டதோடு கன்னத்தையும் தட்டிவிட்டேன்.

கன்னம் சூடாக இருந்தது. தாடி குத்தியது. அப்போதுதான் இது கனவில்லை என்று எனக்கு உறைத்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "நீங்க... லிஃப்ட்டு?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வணக்கங்க" என்றார். கையில் மருந்துச் சீட்டோடு கும்பிட்டார். நான் மருந்தே வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தில் பிழை மூன்று. தாளிலேயே திருத்தியிருக்கிறேன். இரண்டு வருடத்தில் கற்றவருக்கு இது குறைவுதான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேனேஜர் கதையை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். தவறு செய்துவிட்டேன். "ஏன் சார், அழுறீங்களா?" என்று அச்சுக் கோக்கிற பெண் வந்து தோளைப் பிடித்துவிட்டாள். சிரித்தேன் என்று சொன்னால் நம்பவில்லை. நான் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லையாம்.

எழுத்து மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு விழித்திருக்கும்போதே எழுத்து மாறுகிறது. அது கனவின் குணம் இல்லை, உங்கள் அவசரத்தின் குணம். துணைக்காலைப் பார்த்து வாசியுங்கள். அடுத்தவர் கன்னத்தில் கை வைப்பதற்கு முன் மூன்றாவது தடவையும் வாசியுங்கள். கனவை நோட்டில் எழுத முழு வாக்கியம் வேண்டாம். ஒரே ஒரு சொல் எழுதுங்கள், 'கதவு' என்றோ 'உறை' என்றோ. மீதி தானாக ஞாபகம் வரும்.

நூலகத்தில் வேறு வேலையாகப் போயிருந்தபோது அந்தப் பத்திரிகையின் பழைய தொகுப்பு கண்ணில் பட்டது. கிழிந்த பகுதியை எழுதி அனுப்புகிறேன்:

"ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, கனவு என்று தெரிந்ததும் துள்ளிக் குதிப்பது. மகிழ்ச்சி மிஞ்சினால் விழிப்பு வந்துவிடும். தெரிந்த நொடியில் அமைதியாக நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்து, கைகளையே பார்க்க வேண்டும். கனவு நிலைத்து நிற்கும். மதியத் தூக்கத்தில் முயன்றால் இன்னும் எளிது."

நீங்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதை அனுப்பவில்லை. பாதியில் கிழிந்த பக்கத்தை அப்படியே விட எனக்கு மனம் வராது. அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருபத்துநாலு வருடமாக நினைத்திருக்கிறேன். என் கல்யாணத்தன்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஏன் அப்படிப் போனீர்கள்? என் பக்கத்திலிருந்து வந்த ஒரே ஆள் நீங்கள். சாப்பிடக்கூட நிற்கவில்லை. உங்கள் இலையை எடுக்க வேண்டாம் என்று கடைசிப் பந்தி வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

'தம்பி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போன தடவை கீழே ஒன்றுமே இல்லை. நான் கடிதத்தைக் கீழிருந்துதான் வாசிக்க ஆரம்பிக்கிறேன் என்பதைத் தெரிந்துகொள்.

நூலகத்துக்கு வேறு வேலையாகப் போனாய், சரி சரி.

மகிழ்ச்சிப்படக் கூடாது என்றால் நான் எப்படித் தம்பி பிழைப்பேன்? நாலு தடவை எட்டிவிட்டேன், நாலு தடவையும் சந்தோஷத்தில் கெட்டுப்போனது. முதல் தடவை, லிஃப்ட்டில் பன்னிரண்டு என்று ஒரு பொத்தான் இருந்தது. கட்டடத்தில் மாடி பதினொன்றுதான். எண் எனக்குத் தப்பாது. "அட, இது கனவு!" என்று கைதட்டினேன். உடனே உன் அண்ணி குரல். "பட்டப்பகல்ல எதுக்குக் கைதட்டுறீங்க? நான் என்ன கச்சேரியா பண்றேன்?" இரண்டாவது தடவை சிரித்துவிட்டேன். மூன்றாவது தடவை உனக்கு எழுத வேண்டும் என்று பேனா தேடினேன். அதற்குள் முழிப்பு.

நாலாவது தடவை நீ எழுதி அனுப்பியபடி செய்தேன். பன்னிரண்டைப் பார்த்தேன். அமைதியாக நின்றேன். உள்ளங்கைகளைத் தேய்த்தேன். கனவு நின்றது, தம்பி! லிஃப்ட்டின் கம்பி, முக்காலியின் ஆடுகிற கால், எல்லாம் அப்படி அப்படியே தெளிவாக நின்றது. பிறகு கைகளைப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் மை. நீல மை. தேய்க்கிறேன் தேய்க்கிறேன், போகவில்லை. கோபம் வந்து விழித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் அந்த மைதான். சொல்லாமல் இருந்தால் அது போகாது போலிருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சாட்சியாக வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு மாதம் முன்னால் சொல்லி அனுப்பினாய். ஐந்தாவது மாடி பியூனிடம் என் பெயரை ஓர் அட்டையில் எழுதி வாங்கினேன். எழுத்தாகத் தெரியாது, படமாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் ஒரு தடவை. ஒரு மாதத்தில் எத்தனை இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். புதுப் பேனா ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் குத்தியிருந்தேன். உன்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த அதிகாரி புத்தகத்தைத் திருப்பினார். நான் பேனாவை எடுத்தேன். நீ அதற்குள், "அண்ணனுக்கு எழுத வராது சார், ரேகை வெச்சிடலாம்" என்று சொல்லி என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டாய். பெண் வீட்டார் எல்லோரும் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். "படிச்சவங்க இருக்கிற இடத்துல எனக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ நல்லதற்குத்தான் செய்தாய். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அவசரப்பட்டாய். அது இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கட்டைவிரல்தான் தெரிந்தது.

சொல்லிவிட்டேன். இனி மதியம் நன்றாகத் தூங்குவேன்.

உன் அண்ணன்


ஜூன் 11

அண்ணா,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் பேனாவை எடுத்ததைப் பார்த்தேன். மேசையில் இருந்த அதிகாரியின் பேனாவை நகர்த்துகிறீர்கள் என்று நினைத்தேன். நாற்பது வருடமாக அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப் போனால்கூடக் கண்டுபிடிக்கிறவன், என் அண்ணன் பையில் புதுப் பேனா இருந்ததைக் கவனிக்கவில்லை.

சிரித்தது யாரோ இல்லை. முதலில் என் மாமனார் சிரித்தார். அவர் சிரித்தாரே என்று நானும் சிரித்தேன்.

அந்தக் கடிதத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள். நீங்கள் இவ்வளவு பாடுபடும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. நிஜமாகச் சொல்கிறேன்.

நீங்கள் பழகிய அந்தக் கையெழுத்து இப்போதும் வருமா? வந்தால் ஒரு தாளில் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தில் பிழை இருந்ததா என்று பார்க்கவில்லை.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்து வரும். ஆனால் சாட்சிக்குப் பழகியது, சும்மா ஒரு தாளில் போட மாட்டேன். கீழே போட மேலே ஏதாவது இருக்க வேண்டும்.

அதில் எதுவும் இல்லை என்று எழுதினாய். நீ எட்டு வயதிலிருந்தே எனக்கு வாசித்துக் காட்டுகிறவன், எதை மறைக்கும்போது உன் குரல் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? நான் விடவில்லை.

நேற்று மதியம் நடந்தது. நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிதானமாகத்தான் நடந்தது.

கட்டடத்தின் தரைத்தளத்தில் நிற்கிறேன். எந்த மாடியில் எந்த ஆபீஸ் என்று ஒரு பெரிய பலகை இருக்கும். அதைப் பார்த்தேன். எல்லாம் எறும்பு. ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. நாற்பத்தொரு வருடம் அந்தப் பலகை எனக்கு அப்படித்தான் இருந்தது, அதனால் இதுவரை கனவில் அதைப் பார்த்து எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இந்தத் தடவை ஒன்று தோன்றியது. 'எனக்குத்தான் படிக்கத் தெரியுமே! போன வாரம்கூட இந்தத் தெருவில் எல்லாப் பலகையும் படித்தேனே, ஒன்றும் மாறவில்லையே! படிக்க வரவில்லை என்றால், இது கனவு.'

தம்பி, எழுத்து தெரியாதவனாக நான் இனிமேல் கனவில்தான் இருக்க முடியும். வரி கோணினால் மன்னித்துக்கொள்.

துள்ளவில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்தேன். கட்டைவிரலில் மை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். லிஃப்ட்டில் ஏறினேன். பொத்தானை அமுக்கினேன். ஒவ்வொரு மாடியாக எண்ணினேன். பதினொன்றில் நின்றது. கதவு திறந்தது. நீ நின்றாய், கல்யாணச் சட்டையில். உறையை நீட்டினாய். அவசரப்படாமல் வாங்கினேன். மேலே ஓடின எறும்பைக் கவனிக்காமல் பிரித்தேன். மடித்த தாளை விரித்தேன்.

அதில் ஒன்றுமே இல்லை.

திருப்பினேன். பின்பக்கமும் வெள்ளை. தலையைத் திருப்பி மறுபடி பார்த்தேன், மூன்றாவது தடவையும் பார்த்தேன், நீ சொன்னபடி. மாறவே இல்லை. வெள்ளைத் தாள்.

உன்னை நிமிர்ந்து பார்த்தேன். நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அந்த நேரம் பார்த்து உன் அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

நாலு மாதம் பாடுபட்டுத் தோற்றுவிட்டேன் போலிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் என் கனவுக்கு எழுதத் தெரியவில்லை. டீச்சரிடம் சொன்னேன். "தெரியாததை உங்க மனசு எங்கிருந்துங்க எழுதும்?" என்றார். அதுவும் சரிதான். ஆனாலும் தரைத்தளத்திலிருந்து பதினொன்று வரைக்கும் கனவுக்குள் முழுசாக முழித்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

நீ சொல்ல விரும்பாவிட்டால் இனி கேட்க மாட்டேன்.

உன் அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

நீங்கள் தோற்கவில்லை. சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. அது வெள்ளைத் தாள்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சர் சொன்ன காரணமாகவே இருக்கலாம். என்னவாக இருந்தாலும், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

அன்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதுவேன், அது சரியில்லை என்று திருத்துவேன். திருத்தியதைத் திருத்துவேன். பத்து நாள் திருத்தியதில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்களுக்கு வரும் கடிதத்தை நீங்கள் வேறு யாரிடமும் காட்ட மாட்டீர்கள். எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவீர்கள், எப்போதும் வந்த மாதிரி. சண்டையாக இருந்தாலும் வருவீர்கள் என்று நம்பினேன். வந்து, "இந்தா, வாசி" என்று நீட்டுவீர்கள். நான் வெள்ளைத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். சித்தியின் கடிதத்தில் சைக்கிளை வாசித்த மாதிரி, உங்கள் முகத்தைப் பார்க்காமலே, மன்னிப்பு வாசித்துவிடலாம் என்று இருந்தேன்.

நீங்கள் வரவில்லை. பிரித்தே பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. வேறு யாரிடமோ காட்டியிருப்பீர்கள், வெறும் தாளை அனுப்பிக் கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பீர்கள் என்று பயந்தேன். பயத்தில் கோபம் வந்தது. கோபம் பழகிப்போனது.

என் மனைவி நேற்று கேட்டாள், "நாலு மாசமா யாருக்கு இப்படி உட்கார்ந்து சிவப்பு மை போடுறீங்க? திருத்தும்போது உங்களுக்குச் சிரிப்பு வருது, நான் பார்த்ததே இல்ல" என்று. எங்க அண்ணன் எழுதுறார் என்றேன். "எழுதுறாரா?" என்றாள். எழுதுகிறார் என்றேன். எனக்கு அப்போது இருந்த பெருமையை எந்தத் தாளிலும் திருத்த முடியாது.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். இனி உங்களிடம் தாளைப் பிடித்துக்கொண்டு ஏமாற்ற முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். அண்ணா, என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் விரலைப் பிடித்ததற்கும், சிரித்ததற்கும், வாசலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததற்கும். நானே ஒரு பேருந்து ஏறி வந்திருக்கலாம்.

இந்தப் பத்தியை நான் திருத்தவில்லை.

உங்கள் தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு வந்த கடிதத்தை நானே ஒருவருக்கு வாசித்துக் காட்டியது இதுதான் முதல் தடவை. வெள்ளைத் தாள் என்ற இடம் வந்ததும் அவள் குதித்தாள்.

"நான் அப்பவே நெனச்சேன்! பையில ரெண்டு வரிக் கறைதான் இருந்துச்சு, அதுவும் உறையில இருந்த விலாசம். ஒரு முழுக் கடுதாசிக்கு இவ்ளோதானா மைன்னு நெனச்சேன்!"

"அதை இருபத்துநாலு வருஷம் கழிச்சுச் சொல்றியே!"

"நீங்க கேட்டீங்களா?"

யாரும் யாரையும் கேட்கவில்லை, அதுதானே நம் வீட்டு வியாதி.

மன்னிப்பைப் படித்தேன். அந்தப் பத்தியில் திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் படித்தது போதாது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானும் உன் அண்ணியும் வருகிறோம். பேருந்தின் பலகையை நானே படித்து ஏறுவேன், மூன்று தடவை படித்துவிட்டு. ஒரு வெள்ளைத் தாள் கொண்டு வருகிறேன். நீ வாசி. முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது, மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வாசிக்க வேண்டும். சைக்கிள் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக்கொள். வாசித்து முடித்ததும் கீழே சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். பேனா அதே பேனாதான், மை மட்டும் புதிது. உன் மனைவியையும் பக்கத்தில் நிற்கச் சொல். அன்றைக்கு அவளை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இலையையும் எடுத்துவிடாதே.

நேற்று மதியம் தூங்கினேன். லிஃப்ட்டும் இல்லை, உறையும் இல்லை. ஒரு கணவும் வரவில்லை. எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஆனாலும் பயிற்சியை விட மாட்டேன். நாலு மாதம் பாடுபட்டுக் கற்றதை வீணாக்குவேனா? அடுத்து, அப்பா போனபோது மூடிய அவர் கடையைத் தூக்கத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். தேடு. கண்டுபிடித்ததும் சிவப்பு மையைத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது தாளைக் கையில் கொடு. நேரில் பார்த்தாகிவிட்டது, இனி எதற்குக் கடிதம் என்று நினைத்துவிடாதே. பேசினால் நீ திருத்த மாட்டாய், நான் பெரியவன் என்று விட்டுவிடுவாய். அதனால் வீடு திரும்பியதும், அடுத்த வாரமே, 'ஞ' நிறைய வருகிற மாதிரி ஒரு கடிதம் எழுதுகிறேன்.

உன் அண்ணன்